ஆறு அறைகளும் ஒரு ரெடிமேட் வெப்சைட்டும்

எங்கள் வீட்டில் வெப்சைட்டுக்காகச் சண்டை நடந்த காலத்தில் எங்களிடம் கம்ப்யூட்டரே கிடையாது. என் கணவர் சவுதியில் முதலாளியின் மேஜை மேல் இருந்ததைத் துடைத்து வைத்திருக்கிறார். நான் ராமநாதபுரத்துப் பேங்கில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். எங்கள் அனுபவம் அவ்வளவுதான். ஆனாலும் ரெடிமேடாக ஒரு வெப்சைட்டை வாங்கிப் போடுவதா, ஆள் வைத்துப் புதிதாகச் செய்வதா என்று வாக்குவாதம் முற்றி, முகம் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்த நாட்கள் உண்டு.

சண்டைக்குக் காரணம் இருந்தது. தேவிபட்டினத்தில் கடலுக்குப் போகும் ரோட்டில், சவுதிச் சம்பாத்தியத்தில் ஆறு அறைகள் கட்டியிருந்தோம். கடலுக்குள் இருக்கும் நவக்கிரகக் கற்களைச் சுற்ற வருகிறவர்களும், செத்தவர்களுக்குக் காரியம் செய்ய வருகிறவர்களும் வந்து தங்குவார்கள் என்று நம்பிக் கட்டியது. அமாவாசைக்கு முதல் நாள் ஆறு அறையும் நிறையும். மற்ற நாட்களில் பெருக்கித் துடைத்துவிட்டு நாங்களே அழகு பார்த்துக்கொண்டிருப்போம். இப்படியே போனால் அவர் மறுபடி சவுதிக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் அவரை நான் போட்டோவில்தான் பார்த்தேன், போனில்தான் கேட்டேன். திரும்ப அனுப்ப எனக்கு மனசே இல்லை. அவருக்கும் போக விருப்பமில்லை, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்கிற ரகமில்லை. ஆகவே அந்த வெப்சைட் எனக்கு வெறும் வியாபாரச் சமாசாரம் இல்லை. அது நாலு பேரைக் கொண்டுவந்து சேர்த்தால் என் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார்.

நாங்கள் இருவருமே கடற்கரை ஆட்கள் இல்லை. முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்டுப் பிழைத்த குடும்பங்கள். லாட்ஜ் நடத்துவது எப்படி என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் வருகிறவர்களை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நடத்தினோம். கடல் உப்போடு வருகிறவர்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ள, காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைப்பேன். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீரின் அருமை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

முதல் வருஷமே ஒரு சம்பவம் நடந்தது. என் கணவர் சாமான் வாங்க ராமநாதபுரம் போயிருந்தார். பொழுது சாயும் நேரம். கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்து அறை கேட்டார். கூட வந்தவர், அவருடைய வீட்டுக்காரர், கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். நெஞ்சோடு ஒரு மஞ்சள் பையை அணைத்திருந்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டும் அசையவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாசல் வரை போய்க் கேட்டே விட்டேன்.

"ஏங்க, எங்க இடம் அம்புட்டுக் கேவலமாவா தெரியுது? உள்ள வந்து பாத்துட்டாச்சும் வேணாம்னு சொல்லுங்க."

அவர் பையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். "அப்பா இருக்காருங்க" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பையில் இருந்தது அவருடைய அப்பாவின் அஸ்தி. காலையில்தான் ஐயர் வருவார், அதுவரை அதோடு எங்கே தங்குவது என்று தெரியாமல் அலைந்திருக்கிறார்கள். இரண்டு இடத்தில் அஸ்தியோடு உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். சொன்னவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊரிலும் அஸ்தி வீட்டு வாசலை மிதிக்காது. சுடுகாட்டிலிருந்து நேராகக் கடலுக்குக் கொண்டுபோய்க் கரைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். கடல் தூரமாக இருக்கும் ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வேப்பமரம் நின்றது. அதன் கிளையில் பையைக் கட்டச் சொன்னேன். அடியில் ஒரு விளக்கை ஏற்றிவைத்தேன். அந்த மனிதர் அப்புறம்தான் உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார். காலையில் காரியம் முடிந்து கிளம்பும்போது அவர் போய் வருகிறேன் என்று சொல்லவில்லை, நானும் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. சாவுக் காரியத்தில் அந்த வார்த்தைகளுக்கு இடமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கையை மட்டும் கூப்பிவிட்டுப் போனார்.

அதன் பிறகு கொத்தனாரை வைத்து வேம்படியில் சுவரோடு ஒரு சின்ன மாடம் கட்டினேன். காற்றுக்கு அணையாமல் விளக்குக்குக் கண்ணாடி போட்டேன். சொல்லிக் கேள்விப்பட்டு அவ்வப்போது யாராவது அஸ்தியோடு வருவார்கள். என் கணவர் இதற்கு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதை மட்டும் நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சண்டையில் அவரை நான் ரொம்பவே திட்டப் போகிறேன்.

வெப்சைட் யோசனை ராமநாதபுரத்தில் பிரவுசிங் சென்டர் நடத்திய ஒரு பெண்ணுடையது. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கைக்குழந்தையைத் தொட்டிலில் போட்டுக்கொண்டே கடையைப் பார்த்த கெட்டிக்காரி. என் கணவர் விசா விஷயமாக மெயில் பார்க்கப் போன இடத்தில், "அண்ணே, லாட்ஜ் வச்சிருக்கீங்க, வெளியூர்க்காரவுகளுக்கு எப்படித் தெரியும்? நெட்ல போடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஹோட்டல்களுக்கென்றே யாரோ எங்கேயோ செய்து வைத்த ரெடிமேட் மாடல்கள். பெயரை மாற்றி, போட்டோவை மாற்றிப் போட்டால் ஒரு வாரத்தில் நம்முடையதாகிவிடுமாம். அவர் கண் அகல ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீலக் கடல். தென்னை மரம். தூளி மாதிரி ஒன்றில் வெள்ளைக்கார ஜோடி ஒன்று படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மேலே கொட்டை எழுத்தில் வெல்கம். கீழே வரிசையாகக் கட்டங்கள்: நீச்சல் குளம், பார், ஜிம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பொடி எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. இங்கிலீஷ் மாதிரி இருந்தது, ஆனால் இங்கிலீஷ் இல்லை.

"இது என்ன பாஷ?" என்று கேட்டேன்.

"சும்மா எழுத்துக்கா. எடத்த அடைக்கப் போட்டிருக்காங்க. நாம நம்ம விஷயத்த எழுதிக்கணும்."

"சும்மா எழுத்தா? யாரையாச்சும் கெட்ட வார்த்தையில வஞ்சு வச்சிருந்தா யாருக்குத் தெரியும்?"

அவள் சிரித்த சிரிப்பில் தொட்டில் பிள்ளை முழித்துக்கொண்டது. என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அந்த மாடல் பிடித்துப்போய்விட்டது. பெரிய ஹோட்டல்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கும், நாமும் அப்படித் தெரிவோம் என்றார். எனக்கோ அந்த வெல்கம் உறுத்தியது. அப்பனைப் பையில் தூக்கிக்கொண்டு வருகிறவனைப் பார்த்துப் பல்லைக் காட்டி வெல்கம் சொன்னால் நன்றாகவா இருக்கும்?

ரெடிமேட் வேண்டாம் என்றால் மதுரையில் ஒருவர் புதிதாகச் செய்து தருவார், ஆனால் செலவும் நாளும் கூட ஆகும் என்று அவளே சொன்னாள். என் பிடிவாதத்தால் இருவரும் பஸ் ஏறிப் போனோம். அந்த ஆள் குளுகுளு அறையில் உட்கார வைத்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க லாட்ஜ்ல என்ன சார் ஸ்பெஷல்?"

"நல்லா இருக்கும் சார்" என்றார் இவர்.

"அதான், என்ன நல்லா இருக்கும்?"

இவர் விட்டத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே இவர் என் காலை மிதித்தார். அந்த ஆள் பேனாவை மூடிவிட்டு, யோசித்துவிட்டு வாங்க என்று அனுப்பிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மானாமதுரை தாண்டும் வரை நான் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் பொரிந்துவிட்டேன். வேம்படி மாடம் நமக்கு ஸ்பெஷல் இல்லாமல் வேறு என்ன, வேறு எவன் அந்த வசதி செய்து தருகிறான், சொல்ல வந்தால் காலை மிதிப்பதா என்று கேட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தலையாட்டினார்.

அவர் நிதானமாகத்தான் சொன்னார். "நம்ம செய்யிறது சரிதான் புள்ள. நான் வேணாம்னேனா? ஆனா அத ஊருக்கே தண்டோராப் போடணுமா? பிள்ள வரம் கேட்டு வாராக, கல்யாணத் தோசம் கழிக்க வாராக. அவுகளுக்கு இது தெரிஞ்சா நம்ம ரூம்ல தங்குவாகளா? வர்ற கொஞ்ச ஆளும் வராது. அப்பறம் நான் பொட்டியத் தூக்கிட்டு ஏர்போர்ட்டுக்குத்தான் போகணும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். நான் சொன்னபடி எழுதி, ஆள் வராமல் போய், அவர் விமானம் ஏறிவிட்டால் அந்தப் பழி எனக்கல்லவா? சரி, உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். ரெடிமேட் மாடல்தான் என்று முடிவாயிற்று.

அந்த வெள்ளைக்கார ஜோடியை மட்டும் எடுக்க வைத்தேன். அந்த இடத்தில் எங்கள் கடல் வந்தது. வெல்கம் மாடலோடு ஒட்டி வந்ததாம், அது நின்றது. பார் என்ற கட்டத்தில் என் காப்பித் தம்ளர்களின் படம் வந்தது. நீச்சல் குளக் கட்டத்தில் என் கணவர் எங்கள் நல்ல தண்ணீர்த் தொட்டியைப் போட்டோ எடுத்துப் போட்டார். மேலே ஸ்விம்மிங் பூல் என்று இருந்த தலைப்பை மாற்றவா என்று அந்தப் பெண் கேட்டாளாம். "இருந்துட்டுப் போகட்டும்மா, அதுவும் தண்ணிதான" என்று சொல்லியிருக்கிறார். ஜிம்முக்குப் போட எங்களிடம் ஒன்றுமில்லை. அந்தக் கட்டத்தில் சும்மா எழுத்து அப்படியே கிடந்தது.

கொஞ்ச நாளில் போன் வந்தது. ஒரே குஷி. ஆனால் கேட்டதெல்லாம் வேறு மாதிரி. ஏசி உண்டா, ஜன்னலைத் திறந்தால் பீச் தெரியுமா, பீர் கிடைக்குமா. எங்கள் கடல் அலையில்லாத சேற்றுக் கடல். பீச் என்று நினைத்து வருகிறவன் முழங்கால் சேற்றோடுதான் திரும்புவான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் நிறைய வாலிபர்கள் வந்து இறங்கினார்கள். தோளில் டவல், காலில் ரப்பர் செருப்பு.

"பூல் எங்கக்கா இருக்கு?"

நான் கூட்டிக்கொண்டு போய்த் தொட்டியைக் காட்டினேன். என் இடுப்பு உயரத் தொட்டி. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மக். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்காமல், "ஊர ஏமாத்தவா வெப்சைட் வச்சிருக்கீங்க?" என்று என் கணவரைப் பார்த்துக் கேட்டான். அவர்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போனார்கள்.

எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். வெயிலில் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்துக் கட்டிய இடத்தின் வாசலில் நின்று, ஏமாற்றுக்காரன் என்ற பெயரை வாங்கியிருக்கிறார். அந்த வாரமே ஏஜென்டுக்குப் போன் போட்டார். அடுத்த மாதம் விசாவுக்கான மெடிக்கல் டெஸ்டுக்கு மதுரைக்குப் போனார். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் பஸ் ஏறியதும் நான் ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று அவருக்குப் போன் செய்தேன்.

"அந்த ஜிம்முனு காலியாக் கெடக்குற கட்டத்துல மாடத்தப் பத்தி எழுதப் போறேன். உங்களுக்குக் கோவம் வந்தாலும் சரி."

"நாந்தான் போகப் போறேன்ல. என்னமும் செய்யி" என்றார். இருந்தாலும் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

அந்த மாடலை அன்றைக்குத்தான் நான் கோபமில்லாமல் பார்த்தேன். மதுரைக்காரர் கேட்ட அதே கேள்வியைத்தான் இந்தக் காலிக் கட்டமும் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது: உங்களிடம் என்ன இருக்கிறது? ரெடிமேட் ஜாக்கெட் யாருக்கும் அப்படியே பொருந்தாது. வீட்டுக்குக் கொண்டுவந்து, தையலைப் பிரித்து, நம் தோளுக்குப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பிரிக்காமலே மாட்டிக்கொண்டு, ஊரார் சிரிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறோம்.

நான் சொல்லச் சொல்ல அவள் தமிழிலேயே அடித்தாள். சில கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று, அடித்ததைப் படமாக மாற்றி ஒட்டினாள். நான் சொன்னது இவ்வளவுதான்: "அஸ்தி கொண்டு வருகிறவர்கள் தயங்க வேண்டாம். இரவு வைக்க வேப்பமரத்தடியில் தனி மாடம் இருக்கிறது. விடியும் வரை விளக்கு எரியும். குளிக்க நல்ல தண்ணீர் உண்டு." ஸ்விம்மிங் பூல், பார், ஜிம் என்ற தலைப்புகளைத் தூக்கினோம். வெல்கமும் போக வேண்டும் என்று நான் உட்கார்ந்துவிட்டதால், அதன் மேல் கடல் நிறத்திலேயே பட்டை ஒன்றைப் போட்டு மறைத்துவிட்டாள்.

எல்லாம் முடிந்ததும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இதப் படிச்சிட்டு யாரும் வருவாங்களா?"

"வர வேண்டியவுக வருவாக" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. புதுப் பெட்டி வாங்கி வந்தார். நான் பருப்புப் பொடி இடிக்க மிளகாயை வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். சவுதிக்குக் கொடுத்தனுப்பும் பொடியை இடிக்கும்போது எப்போதும் எனக்குக் கண் எரியும், மிளகாய் மேல் பழியைப் போட்டுக்கொள்வேன். அந்த முற்பகலில்தான் போன் அடித்தது. பக்கத்தில் இருந்த அவரே எடுத்தார்.

"ஆமாம்மா, தேவிபட்டினந்தான். ஆமா, இருக்கு... மரத்தடியிலதாம்மா."

பிறகு வெகு நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர் எழுந்துவிட்டார்.

"எரியும்மா, விடிய விடிய எரியும். அணையாது, கண்ணாடி போட்டிருக்கு." மறுபடி கேட்டார். "காத்தடிச்சாலும் அணையாதும்மா. நீங்க அழுகாதீக. நான் இருக்கேன்ல, நானே பக்கத்துல உக்காந்து பாத்துக்கிறேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றார். யார் என்று நான்தான் கேட்டேன்.

"பெங்களூர்லருந்து ஒரு அம்மா. அவுக வீட்டுக்காரரக் கொண்டு வாராக." வேப்பமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அந்த மனுசனுக்கு இருட்டுன்னா ஆகாதாம். கல்யாணம் ஆன நாள்லருந்து வீட்ல ஒரு லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான் கெடக்குமாம். இங்கன வெளக்கு எரியும்னு படிச்சிட்டுத்தான் கூப்பிட்டாகளாம். எரியுமா எரியுமான்னு அதையேதான் கேக்குறாக."

"என்னைக்கு வாராக?"

"வெள்ளிக்கெழம."

அவருக்கு விமானம் அதற்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் எதையாவது சொன்னால் காரியம் கெட்டுவிடும் என்று பயமாகவும் இருந்தது. விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று கத்த வேண்டும் போலவும் இருந்தது. மிளகாயைக் கிளறிக்கொண்டே அவர் காலை மட்டும் பார்த்தேன். அது முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தது.

"நான் இருக்கேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டேனே" என்றார், யாரிடமோ சொல்வது போல.

பிறகு போனை எடுத்து ஏஜென்டைக் கூப்பிட்டார். அந்த ஆள் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. இவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டுவிட்டு, நான் அவரிடம் அதுவரை கேட்டறியாத ஒரு தெளிவோடு சொன்னார்:

"இல்லண்ணே, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருங்க. இங்கன ஆளு வாராக, நான் வீட்ல இருக்கணும்."